யாரும் சாகாத படங்கள்

என் தம்பி கைபட்ட படத்தில் யாரும் சாக மாட்டார்கள். கொஞ்ச காலம் இதைப் பெருமையாக எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது யாரிடமும் சொல்வதில்லை.

தொலைக்காட்சி நிலையத்தில் படம் வெட்டுகிற வேலை அவனுக்கு. மூன்று மணி நேரம் ஓடுகிற பழைய படத்தை, விளம்பரத்துக்கு இடம் விட்டு, கொடுத்த நேரத்துக்குள் அடக்க வேண்டும். ஒரு பாட்டைத் தூக்குவான், ஒரு சண்டையைப் பாதியாக்குவான், கதாநாயகியின் தோழிகளைக் கூண்டோடு கைலாசம் அனுப்புவான். பார்க்கிறவர்களுக்கு ஒட்டுத் தெரியாது. நிலையத்தில் அவனைக் 'கத்தரி' என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. அவனுக்கு அதில் வருத்தமும் கிடையாது.

வேலையில் அவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. வெட்டிய எதையும் அழிக்க மாட்டான். மேலிடத்தில் திடீரென்று ஞானம் பிறந்து, "அந்தப் பாட்டைத் திரும்பச் சேர்" என்று சொன்னால் எங்கே போய்த் தேடுவது? அதனால் துண்டுகளையெல்லாம் ஒன்றன் பின் ஒன்றாகக் கோத்து, 'மிச்சம்' என்று பெயர் போட்டுத் தனியாக வைத்துவிடுவான். வீட்டுக் கணினியிலும் அதே பழக்கம்தான்.

படத்தில் சாவென்றால் அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது. எங்கள் வீட்டில் ஒரு தபால்காரர் படம் அடிக்கடி பார்ப்போம். கறுப்பு வெள்ளை. மலைமேல் கிராமங்களுக்குக் கழுதையில் தபால் கொண்டுபோகிற மனிதர், அவர் மனைவி, ஒரு பையன். பாதிப் படத்தில் மனைவி காய்ச்சலில் இறந்துபோவாள். அந்த இடம் வரும்போதெல்லாம் என் தம்பி மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்வான்.

"ஏங்க்கா அவங்கள சாக விட்டாங்க?"

"கதை அப்படிடா."

"கதைய மாத்தினா என்ன?"

"நீ பெரியவனாகி மாத்திக்கோ, இப்போ வெளிய வா," என்றேன். என் வாய் சும்மா இருந்திருக்கலாம். அவன் பெரியவனாகி மாற்றினான்.

போன வருஷம் மழைக்காலத்தில் அவன் மனைவி இறந்தாள். நான் நர்ஸ்; நான் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியிலேயே, என் கண் முன்னாலேயே போனாள். ரத்தத்தில் நோய். தெரிந்ததும் தெரியாததுமாக எல்லாம் முடிந்துவிட்டது. பிள்ளைகள் இரண்டையும் அந்த நாட்களில் அவளுடைய தோழி வீட்டில் விட்டிருந்தோம். பெரியவளுக்கு ஏழு வயது, பொடியனுக்கு நாலு. அவர்கள் திரும்பி வந்தபோது வீடு கழுவித் துடைத்துக் கிடந்தது. அம்மாவின் துணி அலமாரி காலி. சுவரில் மாட்டியிருந்த படங்களையும் எடுத்துவிட்டிருந்தான்.

"அம்மா எங்கப்பா?" என்று பெரியவள் கேட்டாள்.

"வெளியூர் போயிருக்கா," என்றான்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சமையலறைக்குள் இழுத்துப்போய்ப் பிடித்துக்கொண்டேன்.

"முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்கப் பாக்கறியா? நான் தினம் எத்தனை பேருக்கு இந்த சேதியச் சொல்றேன் தெரியுமா? சொன்னா அழுவாங்க. அழுதா அடங்கும். சொல்லாம விட்டாதான்டா வினை."

"நானே சொல்றேன்க்கா. நேரம் பார்த்துச் சொல்றேன். நீ முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்காத. அவங்க என் பிள்ளைங்க."

கடைசிச் சொல்லில் என் வாயை அடைத்துவிட்டான். எனக்குப் பிள்ளை கிடையாது. சரி என்று வாக்குக் கொடுத்தேன். அன்றைக்கு அழுதுகொண்டே தட்டுகளைக் கழுவினேன். கோபத்தில் ஒன்று உடைந்தும் போனது.

அதற்குப் பிறகுதான் சனிக்கிழமைப் படம் ஆரம்பித்தது. தான் சின்ன வயதில் பார்த்துச் சொக்கிப்போன எல்லாவற்றையும் பிள்ளைகளுக்குக் காட்டிவிட வேண்டும் என்று அவனுக்கு ஒரு வெறி. குண்டு பொம்மையும் ஒல்லி பொம்மையும் அடித்துக்கொள்கிற தொடர், சர்க்கஸ் கூடாரத்தில் வளரும் பெண்ணின் தொடர், எங்கள் தபால்காரர், எல்லாம் தேடிப் பிடித்தான். வாரம் முழுக்க மாலையில் பின்னறையில் உட்கார்ந்து அவற்றில் சாவு வருகிற இடங்களை எல்லாம் வெட்டுவான். அவன் கணினியில், வெட்டுகிற நேரத்தில் திரையில் ஒரு குட்டிக் கத்தரிக்கோல் வரும். அதை ஆளின்மேல் கொண்டுபோய் அழுத்துவான். ஆள் இருக்க மாட்டார். பிள்ளைகள் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருக்கும். "அப்பா வேலை செய்யறாரு," என்று பெரியவள் தம்பியிடம் குசுகுசுப்பாள்.

அவன் கைவேலையைக் குறை சொல்ல முடியாது. தபால்காரர் மனைவி அடுப்படியில் நின்று சிரிப்பாள். அடுத்த காட்சியில் தபால்காரர் தானே முட்டை பொரித்துக்கொண்டிருப்பார். நடுவில் ஒன்றும் நடக்கவில்லை. அவள் ஏன் இல்லை என்று யாரும் கேட்கவில்லை, பையன்கூட. சர்க்கஸ் தொடரில் கிழக் கோமாளி கயிற்றிலிருந்து விழுந்து சாக வேண்டும். இவன் படத்தில் கோமாளி கயிற்றில் ஏறுவார், கை தட்டுவார்கள், மறுநாள் கூடாரத்தில் எல்லாரும் சாப்பிடுவார்கள். அவருடைய நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருப்பார்.

ஒரு சனிக்கிழமை நானும் கூட உட்கார்ந்தேன். திரைச்சீலை இழுத்துவிட்ட கூடம், கிழிந்த சோபா, நடுவில் என் தம்பி, கையில் பிஸ்கட் தட்டு. "இப்போ பாருங்க, இப்போ குண்டு வழுக்கி விழுவான் பாருங்க!" என்று அவனே முந்திக்கொண்டு சிரித்தான். பிள்ளைகள் சிரிக்கவில்லை. சோபாவின் ஓரத்தில் ஒருத்தர் கையை ஒருத்தர் பிடித்துக்கொண்டு, கண் கொட்டாமல் பார்த்தார்கள். தொடர் முடிந்ததும் பெரியவள் தம்பியின் காதில் கேட்டாள்.

"யார் இல்ல?"

"பூனை இல்ல," என்றான் பொடியன்.

"நல்லாப் பார்த்தே," என்று முதுகில் தட்டிக்கொடுத்தாள்.

தொடரின் ஆரம்பத்தில் வந்த குண்டு பொம்மையின் பூனை, பாதிக்கு மேல் வரவில்லைதான். ஏதோ விளையாட்டு என்று நினைத்தேன். ஆனால் வாய் ஓயாமல் ஏன், எதற்கு என்று உயிரை வாங்குகிற வயதில், பூனை எங்கே போனது என்று இரண்டு பேரும் அப்பாவிடம் கேட்கவே இல்லை. அது எனக்கு உறுத்தியது.

உறுத்தல் அதோடு நிற்கவில்லை. பிள்ளைகள் அளவுக்கு மீறி நல்ல பிள்ளைகளாகிவிட்டார்கள். தட்டில் வைத்ததைத் தின்றார்கள். சொல்வதற்கு முன்னால் படுத்தார்கள். பெரியவள் அப்பனை 'வா, போ' என்று கூப்பிட்டு வளர்ந்தவள். திடீரென்று 'வாங்க, போங்க' என்று மாறிவிட்டாள். "பார்த்தியா, தாயில்லாட்டியும் மரியாதை தானா வருது," என்று நான்கூட மெச்சினேன். குளியலறைக்குப் போனாலும் இரண்டு பேரும் சேர்ந்தே போனார்கள். ஒருத்தர் உள்ளே, ஒருத்தர் கதவைத் தொட்டுக்கொண்டு வெளியே. ஒருநாள் பொடியன் கண்ணாடித் தம்ளரைப் போட்டு உடைத்தான். வேறு பிள்ளையாக இருந்தால் ஊரைக் கூட்டியிருக்கும். இவன் அசையாமல் நின்று அப்பனின் கைகளைப் பார்த்தான். முகத்தைப் பார்க்கவில்லை, கைகளை மட்டும்.

காலையில் என் தம்பி பால் பாக்கெட்டைக் கத்தரிக்கோலால் வெட்டுவான். அந்த நேரத்தில் பொடியன் அக்காவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வான். பால் பாத்திரத்தில் விழுந்து, கத்தரிக்கோல் டிராயருக்குள் போன பிறகுதான் வெளியே வருவான்.

"அத்தை, நான் நல்ல புள்ளைதானே?" என்று ஒருநாள் என் மடியில் ஏறிக் கேட்டான்.

"உன்னை மாதிரி உண்டா!"

"அப்போ நாளைக்கும் இருப்பேன்ல?"

"எங்கடா போவ, வாலு?" என்று சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. என் கழுத்தை இறுக்கிக்கொண்டான். அந்தச் சின்ன மார்பு அடித்துக்கொண்டதை நான் நர்ஸாகவும் உணர்ந்தேன், அத்தையாகவும் உணர்ந்தேன். இரண்டு பேருக்கும் புரியவில்லை.

பிறகு ஒரு சனிக்கிழமை படம் முடிந்ததும், "வீட்டு வீடியோ பார்க்கலாமா?" என்று என் தம்பி பொடியனின் மூன்றாவது பிறந்தநாளைப் போட்டான். நான் அந்த விருந்தில் இருந்தவள். பொடியன் நாற்காலியில், அவனுக்கு வலப்பக்கம் அவன் அம்மா, கையைப் பிடித்துக் கேக் வெட்ட வைத்தாள். எல்லாரும் பாடினோம்.

திரையில் பொடியன் இருந்தான், கேக் இருந்தது. அம்மா இல்லை. படத்தைப் பெரிதாக்கி அவளை ஓரத்துக்கு வெளியே தள்ளியிருந்தான். பாட்டுச் சத்தத்துக்குப் பதில் ஏதோ இசை. குழந்தை வலப்பக்கம் திரும்பி, ஆளில்லாத இடத்தைப் பார்த்துக் கலகலவென்று சிரித்தான். வாயைத் திறந்தான். ஓரத்திலிருந்து ஒன்றும் வரவில்லை. ஆனால் அவன் மென்றான். மேஜை விரிப்பின்மேல் மட்டும் ஒரு நிழல், கை நீட்டியபடி, குனிந்து நிமிர்ந்தது. அதை எடுக்க என் தம்பிக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது.

பிணவறைக்குத் தனியாகப் போய் வந்தவள் நான். பட்டப்பகலில், நிறைந்த வீட்டில், அந்த நிழலைப் பார்த்து நடுங்கினேன். பிள்ளைகள் நிழலைப் பார்க்கவில்லை. அப்பனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன காரியம்டா பண்ணி வெச்சிருக்கே?" என்றேன் மொட்டை மாடியில்.

"மறந்துட்டு வர்றாங்கக்கா. இப்போ கேக்கறதே இல்ல. அழறதும் இல்ல. நீயே பார்க்கறேல்ல?"

"அதத்தான்டா பார்க்கறேன். அது எனக்குப் பிடிக்கல. இந்த மாசத்துக்குள்ள சொல்லு. இல்லேன்னா என் வாக்கத் திருப்பி எடுத்துக்குவேன்."

அவன் துணிக்கொடியைப் பிடித்துக்கொண்டு தலையாட்டினான். அவன் மெலிந்துபோயிருந்ததை அன்றைக்குத்தான் கவனித்தேன். பாவமாகவும் இருந்தது, கன்னத்தில் ஒன்று வைக்கலாம் போலவும் இருந்தது.

அடுத்த வாரம் ஒருநாள் வார்டில் எனக்குச் சீக்கிரம் வேலை முடிந்தது. பிள்ளைகளைப் பார்க்கலாம் என்று சாயங்காலம் நாலு மணிக்கே போனேன். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் தகப்பன் வரும்வரை கீழ்வீட்டுத் தையல்காரி மேலே வந்து துணையிருப்பாள். அன்றைக்கு அவள் வாசலிலேயே எதிர்ப்பட்டாள். யாரோ அளவு கொடுக்க வந்திருப்பதாகவும், பிள்ளைகள் சமர்த்தாகப் படம் பார்ப்பதாகவும் சொன்னாள்.

படியேறும்போதே சத்தம் கேட்டது. மூச்சு. இழுத்து, நின்று, மறுபடி இழுக்கிற கடைசி மூச்சு. வார்டில் அந்தச் சத்தத்தைத் தூக்கத்திலும் அடையாளம் கண்டு எழுந்துவிடுவேன். அது என் தம்பி வீட்டுக்குள்ளிருந்து வந்தது. நின்றது. ஒரு பெண் அலறினாள். சட்டென்று அறுந்தது. துப்பாக்கி வெடித்தது. நாய் ஒன்று முனகியது. மறுபடி மூச்சு, வேறொருவருடையது. நடுவில் வேறு பேச்சில்லை. சாவு முடிந்தால் சாவு.

பின்னறைக் கதவு திறந்திருந்தது. ஜன்னல் வழியாக நல்ல வெயில் விழுந்துகொண்டிருந்தது. கணினிக்கு முன்னால் ஒரே நாற்காலியில் இரண்டு பேரும் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். திரையில் கிழக் கோமாளி மண்ணில் கிடந்தார்.

"கோமாளித் தாத்தா," என்றான் பொடியன், தெரிந்தவரைப் பார்த்ததுபோல. கை ஆட்டினான்.

அடுத்துத் தபால்காரர் மனைவி கட்டிலில். "தபால் அம்மா." அவளுக்கும் கை ஆட்டினான்.

'மிச்சம்' ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளைகளுக்காக அவன் வெட்டிய அத்தனை சாவும், இடைவெளி இல்லாமல்.

"என்னடி பண்றீங்க?" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. பெரியவள் திரும்பினாள், பயப்படவில்லை.

"அப்பா வெட்டினவங்க எல்லாம் இங்கதான் இருக்காங்க அத்தை. தினமும் கொஞ்சம் கொஞ்சமாப் பார்க்கறோம். அம்மாவும் இங்கதான் எங்கேயோ பின்னாடி இருப்பா."

"அம்மாவ..."

"பொறந்தநாள் வீடியோல இருந்தா. அப்புறம் அப்பா வெட்டிட்டாரு. சுவத்துல போட்டோவுலயும் இருந்தா. அதையும்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "எங்களையும் வெட்டினா நாங்க இங்கதான் வருவோம். பொடியன் சின்னவன் இல்லையா, வழி தெரியாம அழுவான். அதான் இங்க யார் யார் இருக்காங்கன்னு காட்டி வெக்கறேன். தெரிஞ்சவங்க இருந்தா பயம் இருக்காதுல்ல?"

உட்கார இடம் தேடினேன். தரைதான் கிடைத்தது.

அந்த நேரத்தில் திரை நிறம் மாறியது. கறுப்பு வெள்ளை போய் மஞ்சள் விரிப்பு, கேக், மெழுகுவத்தி. எதையும் எறியாதவன் அதையும் எறியவில்லை. வலப்பக்கத்திலிருந்து அவள் குனிந்து திரைக்குள் வந்தாள். பாடினாள். தாளம் தப்பிய, கணீரென்ற அதே குரல். ஒரு துண்டு கேக்கை ஊட்டிவிட்டு விரலை நக்கிக்கொண்டாள்.

"அம்மா வந்துட்டா!" என்று பொடியன் கத்தினான். "அக்கா, அம்மா வந்துட்டா!"

பெரியவள் இரண்டு கையாலும் திரையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

எனக்குப் பின்னால் சாவிக்கொத்து விழுந்தது. என் தம்பி எப்போது வந்தான் என்று தெரியாது. திரையில் சிரிக்கிற மனைவியையும், முன்னால் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு நிலைப்படியில் நின்றான். சத்தம் கேட்டுப் பெரியவள் திரும்பினாள். அடுத்த நொடி நாற்காலியிலிருந்து குதித்து, தம்பியை இழுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளி, கைகளை விரித்து நின்றாள்.

"நாங்க ஒண்ணும் தொடலைங்கப்பா. சும்மா பார்த்தோம். எங்கள வெட்டிடாதீங்க. பொடியன் நல்லாத்தான் இருக்கான், தம்ளரக்கூட தெரியாமத்தான் உடைச்சான்."

என் தம்பியின் முகத்தில் ரத்தமே இல்லை. என்னைப் பார்த்தான், நீயாவது சொல்லேன் என்பதுபோல. நான் பிள்ளைகள் பக்கம் கையைக் காட்டினேன். என் பிள்ளைகள் என்று சொன்னவன் அவன்தானே.

மெல்ல மண்டியிட்டு உட்கார்ந்தான். கைகள் இரண்டையும் விரித்து, உள்ளங்கை தெரிய முட்டிமேல் வைத்துக்கொண்டான்.

"அப்பா யாரையும் வெட்டலடா. அம்மாவுக்கு நோய். டாக்டருங்க பார்த்தாங்க, அத்தை பார்த்தா, யாராலயும் முடியல. அம்மா..." இத்தனை மாதம் பிள்ளைகளுக்காக வெட்டி எடுத்த சொல் அது. "அம்மா செத்துப்போயிட்டா. திரும்பி வரமாட்டா. அப்பா வெட்டினது வீடியோவ மட்டும்தான்."

"வீடியோவுல எதுக்கு வெட்டினீங்க?"

"பார்த்தா நீங்க அழுவீங்கன்னு."

"நாங்க அழவே இல்லையே," என்றாள் பெரியவள். "அழுதா வெட்டிடுவீங்கன்னு நான்தான் பொடியன அழ விடல."

அப்போதுதான் என் தம்பி உடைந்தான். மேஜைக்கு அடியில் உட்கார்ந்து அழுத அதே அழுகை. பிள்ளைகள் கிட்டே வரவில்லை. நின்ற இடத்திலிருந்தே அவனைப் பார்த்தார்கள், அப்பா அழுதால் அவரை யார் வெட்டுவார்கள் என்று யோசிப்பதுபோல. நான்தான் எழுந்துபோய்த் திரையை நிறுத்தினேன். நிறுத்தும்போது அவள் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சனிக்கிழமை தபால்காரர் படத்தை வெட்டில்லாமல் போட்டான். போடச் சொன்னது பெரியவள். காய்ச்சல் வந்தது, கட்டில் வந்தது, அந்த மூச்சு வந்தது. தபால்காரர் தன் மனைவியின் முகத்தை மூடினார். பையன் கழுதையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதான். எங்கள் பொடியன் ஒரு நிமிஷம் பார்த்தான். பிறகு வாயைக் கோணி, அடிவயிற்றிலிருந்து ஒரு அழுகை அழுதான், பக்கத்து வீட்டுக் கதவு திறக்கிற அளவுக்கு. என் தம்பியின் கை பழக்கத்தில் ரிமோட்டைத் தேடிப் போனது. பெரியவள் அந்தக் கைமேல் தன் கையை வைத்தாள்.

"நிறுத்தாதேப்பா," என்றாள்.

நிறுத்தாதே. 'நிறுத்தாதீங்க' இல்லை. மரியாதை போனதற்காக நான் சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

பிறந்தநாள் வீடியோவில் அம்மாவைத் திரும்பச் சேர்த்துவிட்டான். வேண்டுமென்றே அவசரமாகச் சேர்த்தானோ என்னவோ, ஒட்டு அப்பட்டமாகத் தெரிகிறது, படம் துள்ளுகிறது. சுவரில் படங்களும் திரும்ப வந்துவிட்டன. பொடியன் இப்போது தம்ளர் உடைத்தால் ஊரைக் கூட்டுகிறான். ஆனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். போன வாரம் காலையில் நான் டிராயரைத் திறந்து எதையோ தேடினேன். உள்ளே கத்தரிக்கோல் சத்தம் போட்டது. விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் இரண்டு பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள். பெரியவளின் கை தானாகப் பின்னால் போய்த் தம்பியைத் தேடியது.

என் தம்பி வந்து டிராயரை மூடினான். பிறகு பால் பாக்கெட்டின் முனையைப் பல்லால் கடித்துத் திறந்தான். இப்போதெல்லாம் அப்படித்தான் திறக்கிறான்.